பத்து நாற்பது

சிம் லிம் டவர், இரண்டாம் மாடி.
ரீட் ஸ்விட்ச் பத்து, ஆறு வெள்ளி.
கடைக்கார ஆங் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.
"கீழே விழுந்தா உடையாமலும் இருக்கும்.
அப்புறம் அதை நம்பாதே."

அரிசி நீளத்தில் ஒரு பச்சைக் கண்ணாடி,
உள்ளே தொட்டுக்கொள்ளாத இரண்டு இரும்பு நாக்குகள்.
காந்தம் வந்தால் கூடும்.
போனால் பிரியும்.
அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

முதலாவதை அன்றிரவே உடைத்தேன்.
கழுத்தோடு ஒட்டி மடித்துவிட்டேன் கம்பியை.
சத்தம்கூடப் பெரிதாக இல்லை,
சோற்றில் கல் கடிபட்டதுபோல.
இரண்டாவது சால்டரிங் சூட்டில் போனது.
மூன்றாவதற்குத்தான் மூக்குக் குறடு வாங்கினேன்.
கண்ணாடிக்கும் மடிப்புக்கும் நடுவே
குறடு கம்பியைக் கவ்வியிருக்க வேண்டும்.
வளைகிற வலியை
அது வாங்கிக்கொள்ளும்.

எல்லாம் லிச்சிக்காக.
யாரோ கேட்டைச் சரியாகச் சாத்தாமல் போய்
இரண்டு முறை நாலாம் மாடிவரை ஓடிவிட்டது பூனை.
யாரோ என்றால், இருப்பதே நாங்கள் இருவர்:
பாலிகிளினிக் மருந்தகத்துக்கு எட்டு மணிக்குப் போகிற நான்,
தேய்த்த சட்டையில் ஏழரைக்கே
ஜூரோங் கிளம்புகிற தவசீலன்.

இரும்புக் கேட் காந்தத்தை விழுங்கும்.
நடுவில் மூன்று ஐஸ்கிரீம் குச்சி ஒட்டினேன்.
கண்ணாடிக்குச் சுருங்கும் குழாய் ஒன்று,
அதன்மேல் கொஞ்சம் சிலிகான்.
திறந்தால், மூடினால்
கைப்பேசியில் மணி விழும்.

முதல் வாரம் முழுக்க
மூடியிருக்கிறது, மூடியிருக்கிறது என்றே சொன்னது.
நானே திறந்து வாசலில் நிற்கும்போதும்
மூடியிருக்கிறது.

தப்பு என்னுடையது.
நாக்குகளின் துள்ளலை அடக்க
ஒரு கெபாசிட்டரை நேரே குறுக்கே கட்டியிருந்தேன்.
ஒவ்வொரு கூடலிலும் அது
சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே நொடியில் கொட்ட,
சுட்டுச் சுட்டு ஒட்டிக்கொண்டன இரண்டும்.
நகத்தால் தட்டினேன்.
டிக்.
விட்டது.
ஒரு முறை ஒட்டியது இனி எப்போதும் ஒட்டும்.
புதியதைப் போட்டேன்,
இடையில் நூறு ஓம் ரெசிஸ்டர்,
கொட்டுகிறவன் மெல்லக் கொட்டட்டும் என்று.

அது உண்மை பேசத் தொடங்கியது.
ஏழு முப்பத்திரண்டு, அவர்.
ஏழு ஐம்பத்தெட்டு, நான்.
பத்து நாற்பது.

மறுநாளும் பத்து நாற்பது.
ஸ்விட்சைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
இன்னொன்றை மாற்றினேன், பஞ்சிலிருந்து நேராக,
கை படாமல்.
பத்து நாற்பத்தொன்று.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கை ஒட்டித்தான்
எல்ஆர்டி வளையும்.
அடுத்தவர் கூடத்துக்குள் பார்க்கக் கூடாதென்று
அந்த இடம் வந்ததும்
தன் சன்னல்களை மங்கலாக்கிக்கொள்ளும் ரயில்.
அதற்குத் தெரிந்த நாகரிகம்
எனக்குத் தெரியவில்லை.
மருந்தை எண்ணும் நேரத்திலும்
கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்து நாற்பதுக்கு உள்ளே.
நாலு ஐம்பதுக்கு வெளியே.
ஆறரைக்கு மறுபடியும், களைத்துப்போய்,
"இன்னைக்கு மீட்டிங்கே முடியல" என்றபடி.

பதினெட்டு நாள்.
எப்படிக் கேட்பது என்று
குறடைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.
கழுத்தோடு மடிக்கக் கூடாது.
எங்கே பிடிப்பது என்றும் தெரியவில்லை.

வியாழன் இரவு, ரசம் ஊற்றும்போது சொன்னேன்,
"கேட்டில இருக்கிறதக் கழட்டிடலாம்னு பாக்குறேன்.
பூனை இப்ப ஓடுறதில்ல."

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.
ரயில் ஒன்று போனது.
அலமாரிக் கிண்ணங்கள் கொஞ்சம் பேசிவிட்டு நின்றன.

"இருக்கட்டும்" என்றார், தட்டைப் பார்த்தபடி.
"செவ்வாய்க்கிழமை மத்தியானம்
அதுல பேட்டரி தீந்துபோயிருந்தது.
நான்தான் மாத்தினேன்."

மத்தியானம் என்ற சொல்
ரசத்தின் ஆவிக்கு நடுவே நின்றது.
நான் அதைத் தொடவில்லை.

"ஏது பேட்டரி?" என்றேன்.

"டிவி ரிமோட்டுல இருந்ததை எடுத்தேன்."

இரண்டு நாளாக அந்த ரிமோட்டைத்தான்
தொடையில் தட்டித் தட்டி
அழுத்திக்கொண்டிருந்தேன் நான்.